உதவி வேறு, நாற்காலி வேறு
பெண் ஊராட்சித் தலைவர்களுக்கு அனுபவம் போதாது, அதனால் கணவர் கூடமாட நிர்வாகத்தைப் பார்ப்பதில் தவறில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஓர் அக்டோபர் 2 கிராம சபையில் தலைவரின் கணவர்தான் நடு நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானங்களை வாசித்தார். ஓட்டு வாங்கி ஜெயித்த அக்கா பெண்களோடு பாயில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தீர்மானப் புத்தகம் அவர் மடிக்கு வந்தது; எந்த இடத்தில் கையெழுத்து என்று கணவர் விரலை வைத்துக் காட்டினார். இதற்குப் பெயர் உதவியா? 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் தலைவரின் கணவர் என்று ஒரு பதவியே கிடையாது. தணிக்கையில் கணக்கு உதைத்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்ட அக்காதான். மேலே கருத்து எழுதிய ஒருவர், உள்ளாட்சியில் பெண்களுக்கு 2016இல் கொண்டுவந்த 50 சதவீத ஒதுக்கீடே வீண் என்கிறார். அவருக்கு ஒன்று சொல்கிறேன்: அதே கணவர் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தார். அப்போது காலனிப் பக்கம் ஆறு நாளாகத் தண்ணீர் வரவில்லை. அக்காவே டேங்க் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு போய் மோட்டாரைப் பார்த்தார், ஒன்றிய அலுவலகத்துக்கு இரண்டு நடை நடந்தார். ஒன்பதாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. கணவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அலுவலகச் சாவி திரும்ப அவர் சட்டைப் பைக்குப் போய்விட்டது.