பச்சை ரத்தமும் படுகளமும்

போன சனிக்கிழமை ஒரு அம்மா கடைக்கு வந்தார். வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பையனை வெளியே படியில் நிறுத்திவிட்டு, போனை மட்டும் நீட்டினார். "இதுல இருக்கிற கேமெல்லாம் அழிச்சிடுங்கண்ணா. மறுபடி ஏத்தவே முடியக்கூடாது." என்ன கேம் என்று கேட்டேன். "சுடுறான், வெட்டுறான். வேற இன்னா தெரியும் எனக்கு?"

திறந்து பார்த்தேன். துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஒன்று இருந்தது. அது என்னைப் பெரிதாக உறுத்தவில்லை. பக்கத்தில் இருந்த சான் ஆண்ட்ரியாஸ்தான் உறுத்தியது, 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையில் வந்த ரவுடி கும்பல் ஆட்டம். பையன் ஆறாம் வகுப்பு. பிளே ஸ்டோரில் இருந்து இறக்கியதும் இல்லை, யாரோ அனுப்பிய ஏபிகே ஃபைல், அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே நேராக போனில் ஏற்றுகிற ஃபைல்.

அந்த ஆட்டத்தை நானும் ஆடியவன்தான், 14 வயதில், தோட்டப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில். அமெரிக்காவில் அதன் அட்டைப்பெட்டியில் 17 வயதுக்கு மேல் என்று அச்சிட்டிருந்தார்கள். ஆட்டத்துக்குள் மறைந்து கிடந்த ஓர் உடலுறவுக் காட்சியை ஒருவர் 2005ல் திறந்துவிட, 'ஹாட் காஃபி' என்று பெரிய சர்ச்சையாகி, அதைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். பெரிய கடைகள் அலமாரியில் இருந்தே எடுத்துவிட்டன. இதெல்லாம் நடந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் சென்டரில் இருந்தது காப்பி சிடி. அட்டைப்பெட்டியே இல்லாதபோது அதில் அச்சிட்ட வயது எப்படி வந்து சேரும்? இன்றைக்கு அந்தப் பையனுக்கு வந்த ஏபிகேவும் அப்படித்தான் வந்திருக்கிறது.

அந்த ஆட்டத்தில் காசு கொடுத்து ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றலாம். அப்புறம் அவளை அடித்துக் கொன்று, கொடுத்த காசைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் நாலு பேர் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைச் செய்தோம், சிரித்தோம். ரத்தம் பார்த்ததற்காக இன்று நான் வருத்தப்படவில்லை. அந்தச் சிரிப்புக்காக வருத்தப்படுகிறேன்.

ஏனென்றால் ரத்தம் எனக்குப் புதிதில்லை. கண்ணமங்கலம் பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் இரவெல்லாம் பாரதக் கூத்து, கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் அத்தனை பெரிதாகத் தரையில் கிடப்பான். பீமன் தொடையில் அடித்ததும் சிவப்பாகப் பீறிட்டு வரும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஆறு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். இதைவிடக் கொடூரமாக ஒரு காட்சி எந்த கேமில் இருக்கிறது?

ஆனால் துகில் உரியும் இரவை நினைத்துப் பாருங்கள். சேலையைத் தொடும் முன்னால் துச்சாதனன் வேஷம் கட்டியவர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். கூட்டத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்க மாட்டார். எனக்குப் பயமாக இருந்தது, அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டேன். இது தப்பு, இதைப் பார்த்து அழ வேண்டும் என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. சுற்றி இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். தோட்டப்பாளையத்தில் எங்களைச் சுற்றி அப்படி ஒரு முகம் இல்லை.

கேம்களையெல்லாம் தடை பண்ணணும் என்று கடையில் வாரம் ஒருவராவது சொல்கிறார். சரி, தடை வந்ததே. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. பெற்றோர் கொண்டாடினார்கள். ஆனால் அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும். வன்முறை அந்தக் கணக்கிலேயே இல்லை. பையன்கள் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு துப்பாக்கி ஆட்டத்துக்குப் போனார்கள். 2022 பிப்ரவரியில் அதற்கும் தடை. அதே ஆட்டத்தின் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தப்பித்துக்கொண்டது, எல்லாரும் அதற்கு மாறினார்கள்.

இடையில் 2021ல் பப்ஜியே பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்ப வந்தது. சிவப்பு ரத்தத்துக்குப் பதில் பச்சை. 18 வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு 3 மணி நேரம். என் கடைக்கு வந்த பையன்களில் உண்மையான வயதைக் கொடுத்தவனை நான் பார்த்ததில்லை. பச்சை நிறமும் புதிதில்லை. 1997ல் கார்மகெடான் என்ற கார் ஆட்டத்தில் மனிதர்களை ஏற்றிக் கொல்வது பிரிட்டனில் பிரச்சினை ஆனபோது, மனிதர்களை ஜோம்பிகளாக்கி, அதாவது நடமாடும் பிணங்களாக்கி, ரத்தத்தைப் பச்சையாக்கித்தான் விற்றார்கள். நிறத்தை மாற்றி யாரைத் திருப்திப்படுத்துகிறோம்?

கேம் ஆடினால் கொலைகாரன் ஆவான் என்று பயமுறுத்துவதையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020ல் சொன்னது இதுதான்: கொலை போன்ற வன்செயலுக்கு கேமைக் காரணம் காட்டுவது அறிவியல்படி சரியில்லை. கத்துவது, தள்ளுவது போன்ற மூர்க்கத்தோடு சிறிய தொடர்பு மட்டும் உண்டு. சிறிய தொடர்பு என்றாலும் பெற்றவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அமெரிக்காவில் 1993ல் மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை ஆட்டத்தை வைத்து அவர்கள் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டே விசாரித்தது, மறு வருஷமே வயது முத்திரை வந்தது. நம் சினிமாவுக்கு 7, 13, 16 என்று வயது பிரித்துச் சான்றிதழ் தருகிறார்கள். கேமுக்கு அப்படி ஓர் அரசு அமைப்பு இங்கே இல்லை. பிளே ஸ்டோரில் வயது போட்டிருக்கிறது, உண்மைதான். குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மாவும் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாவும் படிக்கிற மாதிரியா இருக்கிறது? தமிழில், பெரிய எழுத்தில், இதில் ரத்தம் இருக்கிறது, இதில் பெண்களை அடிப்பது இருக்கிறது, இதில் காசு கேட்கும் என்று எழுதி வைக்கச் சட்டம் வேண்டும். தடையைவிட நான் இதைத்தான் கேட்பேன்.

அன்றைக்குப் பையனை உள்ளே கூப்பிட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார வைத்து, "ஆடிக் காட்டுப்பா" என்றேன். துப்பாக்கி ஆட்டத்தை உற்சாகமாகக் காட்டினான். "யார்கூட பேசுற, மைக்ல?" என்று அம்மா கேட்க, அத்தை மகன் என்றான். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. அடுத்து சான் ஆண்ட்ரியாஸைத் திறக்கச் சொன்னேன். அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அத எடுத்துடுங்கண்ணா" என்று அவனே சொன்னான்.

அதை மட்டும் எடுத்தேன். பிளே ஸ்டோரில் வயது வரம்பு போட்டு, வெளியில் இருந்து ஏபிகே ஏற்றும் அனுமதியையும் மூடிக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. யார் வந்தாலும் காசு வாங்காமல் செய்து தருகிறேன். பிள்ளையையும் உள்ளே கூட்டிக்கொண்டு வாருங்கள், படியில் நிறுத்திவிட்டு வராதீர்கள்.