முதல்ல கேளுங்கோ, பிறகு பிரசங்கம் பண்ணுங்கோ

அந்த வீடியோவ நான் திரும்பப் போடேல்ல, போடவும் மாட்டன். பாக்காத ஆக்கள் இஞ்ச குறைவு. அது சுத்தத் தொடங்கின நேரம் துவக்கம் என்ர இன்பொக்ஸ் முழுக்க அதுதான். "அக்கா, இதப்பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?" எண்டு கொஞ்சப் பேர். "நீங்கள் சபைக்காரி, உங்கட ஆக்கள் எண்டா எழுத மாட்டியள்" எண்டு கொஞ்சப் பேர். சரி, எழுதுறன்.

கிளிநொச்சிப் பக்கம் நடந்த அந்தக் கூட்டத்தில, ஜெபத்துக்கு எண்டு மேடைக்கு ஏறின ஒரு அக்காவின்ர நெத்திப் பொட்டை, கடல் தாண்டி வந்த பிரசங்கியார் தன்ர லேஞ்சியால துடைச்சு, துடைச்ச லேஞ்சியை உயர்த்திக் காட்ட, கீழ இருந்தவை அல்லேலூயா எண்டு கை தட்டினவை. அதுக்கு "விடுதலை" எண்டு தலைப்பு வேற. பின்னுக்கு கீபோட் மியூசிக் வேற.

அந்த அக்காவின்ர மனுசன் 2009 மே மாசம், சண்டை முடியிற நேரம், வட்டுவாகல் பாலம் தாண்டி ஆமியின்ர பக்கம் போன சனத்தோட வந்தவர். பிறகு இல்லை. செத்தவர் எண்டு நான் சொல்லேல்ல, அவவும் சொல்ல மாட்டா, எங்கட ஊரில ஒருத்தரும் அவவுக்கு முன்னால அப்பிடிச் சொல்ல மாட்டினம். விடிய எழும்பி முகம் கழுவிப்போட்டு அவ வைக்கிற அந்த ஸ்டிக்கர் பொட்டுக்கு அர்த்தம் ஒண்டே ஒண்டுதான், அவர் இருக்கிறார், வருவார். சாமியும் இல்லை பூதமும் இல்லை. அதைத்தான் அந்தப் பிரசங்கியார் முந்நூறு பேருக்கு முன்னால துடைச்சவர்.

"அம்மா, இது ஏன் வைச்சிருக்கிறியள்?" எண்டு ஒரு வார்த்தை கேட்டவரோ? கேக்கேல்ல. என்ர முழுப் பிரச்சினையும் அவ்வளவுதான். அவர் கெட்டவர், கள்ளன், காசுக்கு வந்தவர் எண்டெல்லாம் நான் எழுத வரேல்ல. கேக்கேல்ல எண்டுதான் சொல்லுறன்.

எங்கட வீட்டு ஹோல்ல சித்தப்பாவின்ர படம் தொங்குது. பக்கத்தில அப்பப்பா, அப்பம்மா படம், அது ரெண்டுக்கும் மாலை இருக்கு. சித்தப்பாவின்ர படத்துக்கு இல்லை. ஒருக்கா நத்தாருக்கு வீடு துடைக்கேக்க சின்னது ஒண்டு, வடிவா இருக்கட்டும் எண்டு மாலையொண்டைத் தூக்கி அதிலயும் கொழுவிப்போட்டுது. சித்தி அடுப்படியில இருந்து ஓடி வந்து கழட்டின கழட்டை நான் மறக்க மாட்டன். பிள்ளைக்கு அடி விழேல்ல, ஆனா அண்டைக்கு முழுக்க சித்தி ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. இவ ஞாயிறு தவறாமச் சேர்ச்சுக்குப் போறவ, வேதப்பாடம் படிப்பிச்சவ, உபவாச ஜெபத்துக்கு முதல் ஆளா நிக்கிறவ. இவவுக்கு விசுவாசம் இல்லை எண்டு சொல்லப்போறியளோ? உப்பிடி எத்தினை வீடு இருக்கு, புதுக்குடியிருப்பில, விசுவமடுவில, தர்மபுரத்தில, போய்ப் பாருங்கோ, எந்தப் படத்துக்கு மாலை இருக்கு எந்தப் படத்துக்கு இல்லை எண்டு பாத்தாலே அந்த வீட்டின்ர கதை பாதி விளங்கும். அதுக்கு இறையியல் டிகிரி ஒண்டும் தேவையில்லை.

மரணச் சான்றிதழை எடுங்கோ எண்டு அலைக்கழிச்சுப் பாத்து, எங்கட சனம் எடுக்காது எண்டு கண்டாப் பிறகு, அரசாங்கமே 2016ல சட்டம் கொண்டுவந்து, காணாமல் போனதுக்கெண்டு வேற ஒரு சான்றிதழ் குடுக்கத் தொடங்கினது. கொழும்பில கதிரையில இருக்கிற உத்தியோகத்தருக்கே இந்தளவு விளங்கியிருக்கு. ஆத்துமாக்களைப் பாரத்தோட சுமந்துகொண்டு வந்த ஊழியக்காரருக்கு விளங்கேல்ல.

இனிக் கொமென்ட்டில வரப்போறது எனக்குத் தெரியும்.

"பொட்டு இந்து அடையாளம், வேதத்துக்கு விரோதம்." சரி, வாங்கோ. முல்லைத்தீவுக் கரையில கத்தோலிக்க அம்மாமாரைப் பாத்தனீங்களோ? கழுத்தில ஜெபமாலை, நெத்தியில பொட்டு. தாலியில சிலுவையோ புறாவோ பொறிச்சுக் கட்டுறவை நாங்கள். தாலி எங்க இருந்து வந்தது? குத்துவிளக்குக்கு மேல சிலுவை வைச்சுக் கொழுத்துறம், அது எங்க இருந்து வந்தது? ஒண்டொண்டாத் துடைக்கத் துவங்கினா எங்க நிப்பாட்டுவியள், சீலையையும் கழட்டச் சொல்லுவியளோ?

"சமரசம், சமரசம்" எண்டு கத்துறவைக்கு, 2 ராஜாக்கள் 5ம் அதிகாரத்தில நாகமான் இருக்கிறார். குஷ்டம் மாறினது வரைக்கும்தான் ஞாயிறு பள்ளியில படிப்பிப்பினம், அதுக்கு அங்கால ஆரும் போறதில்லை. அந்தாள் எலிசாவிட்ட கேக்குது, என்ர எசமான் ரிம்மோன் கோயிலுக்குப் போய் என்ர கையில சாஞ்சுகொண்டு கும்பிடேக்க நானும் குனிய வேண்டி வரும், அதைக் கர்த்தர் மன்னிப்பாரோ எண்டு. எலிசா என்ன செய்தவர், லேஞ்சியை எடுத்தவரோ? "சமாதானத்தோடே போ" எண்டவர். அதே நாகமான் ரெண்டு கோவேறு கழுதை சுமக்கிற மண்ணும் கேட்டு வாங்கிக்கொண்டு போறார். மடுமாதா கோயில் மண்ணை விசக்கடிக்கு எண்டு வீட்டில வைச்சிருக்கிற சனத்தைப் பாத்துச் சிரிக்கிற எங்கட பாஸ்ரர்மார் அந்த வசனத்தில என்ன பிரசங்கம் பண்ணுவினமோ தெரியாது.

"அவரும் தமிழர்தானே, அவருக்கு எங்கட கலாச்சாரம் தெரியாதோ?" இதைத்தான் என்னால தாங்கேலாமக் கிடக்கு. தமிழ் கதைச்சா காணுமோ? வன்னிக்குள்ளயே பாருங்கோ. முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கத்துப் பழைய சனம், குளக்கட்டு ஐயனாருக்கும் நாகதம்பிரானுக்கும் பொங்குறவை. 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்த சனம், மாரியம்மனோட வந்தவை, சொந்தம் கொண்டாடுற விதம் துவக்கம் செத்தவீட்டுச் சடங்கு வரைக்கும் வேற. கரையோரத்தில கடற்தொழில் செய்யிற வேதக்காரர், அது இன்னொரு உலகம். கிளிநொச்சியில பிறந்து வளந்த எனக்கே கரையில ஒரு செத்தவீட்டுக்குப் போனா எங்க இருக்கிறது எப்ப எழும்புறது எண்டு ஆரையும் பாத்துத்தான் செய்ய வேண்டியிருக்கு. பிளேனில இறங்கி ஏ9ல வந்து, முறிகண்டியில கச்சான் வாங்கிச் சாப்பிட்டவருக்கு எல்லாம் தெரியுமாம்!

நான் மொழிபெயர்க்க எண்டு எத்தினையோ ரீமோட போனனான், வெள்ளைக்காரரோடயும் போனனான். ஒருக்கா முல்லைத்தீவில, வைகாசிப் பொங்கலண்டு பின்னேரம் கூட்டம் வைச்சினம். வற்றாப்பளை கண்ணகி அம்மனுக்குப் பொங்கல், கடல்தண்ணியில விளக்கெரியிற திருவிழா, வடக்கில இருக்கிற சனம் பாதி அங்க நிக்கும், இவையள் அண்டைக்குத்தான் கதிரை அடுக்கிச் சவுண்ட் செற் கட்டினவை. நாளை மாத்துங்கோ எண்டு உள்ளூர் போதகர் சொல்லியும் கேக்கேல்ல, ரிக்கெட் போட்டாச்சாம். கதிரையில நானும் போதகரின்ர மனுசியும் நாலு சின்னப்பிள்ளையளும். அவையின்ர அறிக்கையில என்ன எழுதினவை தெரியுமோ? "இந்தப் பிரதேசத்தில பலத்த ஆவிக்குரிய எதிர்ப்பு இருக்கிறது". எதிர்ப்பு இல்லை ஐயா, பொங்கல்! வானோட்டி வந்த தம்பியே லீவு கேட்டவன்.

முந்தின மிஷனரிமார் எல்லாரும் புனிதர் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா சீகன்பால்கு 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்கின ஆள், என்ன செய்தவர் எண்டு பாருங்கோ. தமிழ்ச் சனத்துக்குக் கேள்வி எழுதி அனுப்பி, நீங்கள் ஏன் இப்பிடிச் செய்யிறியள், கடவுள் எண்டா உங்களுக்கு என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறியள் எண்டெல்லாம் கேட்டுக் கடிதம் கடிதமாப் பதில் வாங்கினவர். 1713ல எங்கட தெய்வங்களைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதி ஜெர்மனிக்கு அனுப்ப, அங்க இருந்த பெரியவர் பிராங்கே, உங்களை அனுப்பினது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில பரப்ப இல்லை எண்டு சொல்லி அச்சடிக்கவே விடேல்ல. அது அச்சில வந்தது 1867ல. பாத்தனீங்களோ, அண்டைக்கே தலைமையகத்துக்கு விளங்கேல்ல. ஆனா சனத்துக்குள்ள இருந்தவர் கேட்டவர். முந்நூறு வருசம் கழிச்சு கையில போனோட வாறவருக்குக் கேக்க நேரமில்லை.

இறையியல் டிப்ளோமா படிக்கேக்க போல் ஹீபர்ட் எண்டவரைப் பற்றிப் படிச்சனாங்கள், இந்தியாவில மிஷனரியா இருந்தவர். 1982ல அவர் எழுதின கட்டுரை ஒண்டு. மேல் தட்டில கடவுள், மோட்சம், நித்தியம். கீழ்த் தட்டில விஞ்ஞானம், மருந்து, இயந்திரம். மேற்கத்தைய ஆக்களுக்கு இந்த ரெண்டுதான் தெரியும், நடுவில ஒரு தட்டு கிடக்கு, அதை அவையள் காணுறதே இல்லை எண்டார். நாவூறு, கண்ணூறு, செத்த ஆக்கள், சகுனம், முனி, "ஏன் என்ர பிள்ளைக்கு மட்டும் இப்பிடி நடந்தது?" எண்ட கேள்வி, எல்லாம் அங்கதான் இருக்கு. எங்கட பழைய சபையள் இதெல்லாம் மூடநம்பிக்கை எண்டு சிரிச்சிட்டு விட்டுதுகள், அதால சனம் ஞாயித்துக்கிழமை பாட்டுப் பாடிப்போட்டு செவ்வாய்க்கிழமை பார்வை பாக்கிற ஐயாவிட்டப் போகுது. புதுசா வாறவை எல்லாத்தையும் பேய் எண்டினம், பொட்டும் பேய், கயிறும் பேய், மாலை போட்ட படமும் பேய். ரெண்டு கூட்டமும் கேக்கேல்ல. காணாமல் போனவன் அந்த நடுத்தட்டிலதான் இருக்கிறான், செத்தவனுமில்லை, உயிரோட வந்தவனுமில்லை. அவனைப் பற்றி உங்கட பிரசங்கத்தில ஒரு வரி இருக்கோ?

"அப்ப சாதியும் கலாச்சாரம்தானே, அதையும் அப்பிடியே விடச் சொல்லுறியளோ?" எண்டு ஒரு தம்பி கேட்டவர். இல்லை. அதை அப்பிடியே விடக் கூடாது. ஆனா தம்பி, இந்தப் பொட்டு விசயத்தில நடந்தது என்ன எண்டு யோசிச்சுப் பாரும். பொட்டு அழிஞ்ச பொம்பிளை எங்கட ஊர்க்கண்ணில ஆர்? கலியாண வீட்டில ஆலாத்தி எடுக்க முன்னுக்கு விடாத, பிள்ளைக்குப் பூப்புனித நீராட்டு எண்டா பின்னுக்கு ஒதுங்கி நிக்கிற ஆள். அந்த வழக்கம் பிழை, நூறு தரம் சொல்லுவன் பிழை எண்டு. ஆனா வழக்கத்தில இருந்து விடுதலை எண்டு வந்தவர், அதே வழக்கத்துக்குள்ள இருக்கிற ஆகக் கொடூரமான இடத்தில அவவைக் கொண்டுபோய் இருத்திப்போட்டு, பின்னேரம் வானேறிக் கொழும்புக்குப் போட்டார்.

"அவவே விரும்பித்தானே மேடைக்கு ஏறினவ, தடுக்கேல்லையே?" எண்டவைக்கு நான் பதில் எழுதப் போறதில்லை. அத்தினை பேருக்கு முன்னால, வெளிநாட்டில இருந்து வந்த பெரியாளின்ர கையைத் தட்டிவிட எங்கட பொம்பிளையளுக்கு ஆர் பழக்கினது?

"அவையள்தானே கக்கூஸ் கட்டித் தந்தவை, பிள்ளையளுக்குச் சைக்கிள் தந்தவை, நீர் என்ன செய்தனீர்?" ஓம், தந்தவை. நல்லது. நன்றி சொல்லியாச்சு, படத்துக்குச் சிரிச்சும் ஆச்சு, பனர் பிடிச்சுக்கொண்டு வரிசையா நிண்டும் ஆச்சு. ஒரு சைக்கிளுக்கு ஒரு பொட்டு எண்டு முதலே விலை சொல்லியிருந்தா, வாங்குறதோ விடுறதோ எண்டு சனம் யோசிச்சிருக்கும்.

இன்னும் ஒண்டு. அந்தக் கூட்டத்தின்ர நோட்டீசில எங்களை "எட்டப்படாத சனம்", அதாவது சுவிசேஷம் இன்னும் போய்ச் சேராத சனம் எண்டு போட்டுக்கிடக்கு. ஆரை? 1670ல ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்தேக்க மாந்தையில இருந்து மாதாவின்ர சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள்ள ஓடினவையின்ர பிள்ளையளையோ? 2009 மே மாசம் சனத்தோட கடைசி வரைக்கும் நிண்டு, சனத்தோட வட்டுவாகலுக்கு வந்து, இண்டைவரைக்கும் எங்க எண்டு தெரியாத அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பின்ர ஆக்களையோ? காணாமல் போன பிள்ளையள் எங்க எண்டு கேட்டு 2017 மாசி 20ல கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் வாசல்ல கொட்டில் போட்டுக் குந்தின அம்மாமாருக்குள்ள சைவக்காரர் ஆர், வேதக்காரர் ஆர் எண்டு பிரிச்சுப் பாத்தவை ஆர்? கோயில் வாசல்ல இருந்துகொண்டு யேசப்பா எண்டு அழுததை என்ர காதால கேட்டனான். எங்களை எட்டாத ஆக்கள் ஆர் எண்டு இப்ப விளங்குதோ?

எனக்கு வந்தவரில கூடக் கோவம் குறைவு. அவர் போட்டார். கீழ இருந்து கை தட்டின எங்கட ஆக்களில இருக்கே, அதுதான். முன் வரிசையில இருந்தவையில ரெண்டு பேரின்ர வீட்டில மாலை போடாத படம் தொங்குது, எனக்குத் தெரியும், நான் அந்த வீட்டில தேத்தண்ணி குடிச்சனான். அவைக்கும் அந்தப் பொட்டு என்ன எண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் தட்டினவை. உதை நான் என்னண்டு எழுத?

"பொறாமை", "லிபரல்", "பின்மாற்றக்காரி" எண்டு எழுதுறவை தாராளமா எழுதுங்கோ, பழகிப்போச்சு.

அந்த அக்காவின்ர பேர், ஊர் கேட்டு ஒருத்தரும் இன்பொக்ஸ் வராதேங்கோ, சொல்ல மாட்டன். அவவை ஆற்றுப்படுத்தப் போறம் எண்டு இன்னொரு ரீம் வெளிக்கிடுதாம், தெரிஞ்ச ஆக்கள் மறியுங்கோ. அப்பிடிப் போகத்தான் வேணும் எண்டா படலையில நிண்டு கூப்பிடுங்கோ, அவ வாங்கோ எண்டா மட்டும் உள்ள போங்கோ, கமெராவை வானுக்குள்ள விட்டிட்டுப் போங்கோ. மற்றது, ஒரு வசனத்தை மட்டும் கொமென்ட்டில எறிஞ்சிட்டு ஓடுறவையை புளொக் பண்ணுவன், முதலே சொல்லிப்போட்டன்.