48,000 பேரும் 11,343 பேரும்

ஹிட்லரின் அணியில் இருந்துகொண்டே தன் யூதக் குடிமக்களைச் சாகக் கொடுக்காத நாடு என்று பல்கேரியா புகழப்படுகிறது. ஏறத்தாழ 48,000 பேர் உயிர் பிழைத்தது உண்மை. அந்தப் புகழை அன்றைய அரசுக்கும் மன்னர் மூன்றாம் போரிஸுக்கும் சூட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

1941 மார்ச்சில் அச்சு நாடுகளோடு சேர்ந்த பல்கேரியாவின் ஆட்சிக்குக் கீழ், மாசிடோனியாவின் பெரும்பகுதியும் கிரேக்கத்தின் திரேஸ் பகுதியும் வந்தன. மறு ஆண்டு அங்கிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கிய ஆணை யூதர்களை விலக்கியது. 1943 பிப்ரவரி 22 அன்று, யூத விவகார ஆணையர் அலெக்சாந்தர் பெலெவ் 20,000 யூதர்களை ஒப்படைக்க ஜெர்மனியின் எஸ்.எஸ். படை அதிகாரி தியோடோர் டானெக்கருடன் உடன்படிக்கை செய்தார். புதிய பகுதிகளில் அத்தனை பேர் இல்லை. ஆகவே, ஒப்படைக்கப்படுவோர் அப்பகுதிகளைச் சேர்ந்தவர்கள் என்று குறித்த சொற்கள் அந்தத் தாளில் அடித்து நீக்கப்பட்டன. 1941க்கு முந்தைய எல்லைக்குள் இருந்த பழைய பல்கேரியாவின் யூதர்களும் கணக்கில் சேர்ந்தனர்.

செய்தி கசிந்து, பழைய எல்லைக்குள் இருந்த கியூஸ்தெந்தில் நகரிலிருந்து ஒரு குழு தலைநகர் சோபியாவுக்கு ஓடிவந்தது. அவ்வூரின் உறுப்பினரும் நாடாளுமன்றத் துணைத் தலைவருமான திமிதர் பெஷெவ், மார்ச் 9 அன்று உள்துறை அமைச்சர் கப்ரோவ்ஸ்கியை நெருக்கியதில், பழைய எல்லைக்குள் நாடுகடத்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1941இன் யூத எதிர்ப்புச் சட்டத்தை ஆதரித்தவர்தான் இந்தப் பெஷெவ். அதனாலேயே அவருடைய துணிவு எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பெரும்பாலும் அரசை ஆதரித்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் 42 பேரின் கையெழுத்தையும் சேர்த்து அவர் பிரதமர் பிலோவுக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பினார்; பதவியை இழந்தார். சோபியாவின் பேராயர் ஸ்தெபானும் ப்லோவ்திவின் பேராயர் கிரிலும் வெளிப்படையாக எதிர்த்தனர். அரசோ, மே மாதத்தில் சோபியாவின் யூதர்களை வீடுகளை விட்டு வெளியேற்றி மாவட்டங்களுக்குத் துரத்தியது.

திரேஸ் யூதர்கள் மார்ச் 4 விடியுமுன்பே பிடிக்கப்பட்டிருந்தனர். மார்ச் 11 அன்று, அதாவது பழைய எல்லைக்குள் உத்தரவு நிறுத்தப்பட்ட பிறகு, மாசிடோனியா யூதர்களைப் பிடித்து ஸ்கோப்யேயின் புகையிலைக் கிடங்கில் அடைத்தனர். இரு பகுதிகளிலிருந்தும் செர்பியாவின் பிரோத் நகரிலிருந்தும் அனுப்பப்பட்ட 11,343 பேரில் ஏறக்குறைய அனைவரும் போலந்தில் நாஜிகள் நடத்திய டிரெப்லிங்கா கொலை முகாமில் கொல்லப்பட்டனர்.

2013இல் பல்கேரிய நாடாளுமன்றம் வெளியிட்ட பிரகடனம், அப்பகுதிகள் ஜெர்மன் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தன என்றும், அங்கிருந்த பல்கேரிய நிர்வாகத்தால் நாடுகடத்தலைத் தடுக்க இயலவில்லை என்றும் வருத்தம் தெரிவித்தது. வீடு வீடாகச் சென்று பிடித்தவர்கள் பல்கேரியக் காவலர்களும் படைவீரர்களும். உடன்படிக்கையில் இருப்பது பல்கேரிய அதிகாரியின் கையெழுத்து. கியூஸ்தெந்திலில் நிறுத்த முடிந்ததை, இரண்டு நாள் கழித்து ஸ்கோப்யேயில் நிறுத்த முடியாமல் போனது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.