ஒரு நிறுவைக்கு இரண்டு கிலோ

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் நாட்சம்பளம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கடையில் என்னோடு வேலை செய்யும் யாராவது, "இனி உங்கள் அம்மாவுக்கு நல்ல காலம்தான்" என்று சொல்வார்கள். கள்ளமில்லாமல்தான் சொல்கிறார்கள். 2021 மார்ச்சில் 1000 ரூபாய் என்று வந்தபோது சொன்னார்கள். 2024 செப்டெம்பரில் 1350 என்று வந்தபோதும் சொன்னார்கள். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அது 1550 ஆகும், அதற்கு மேல் வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபாய் ஊக்குவிப்பாகத் தரும் என்று அறிவித்தபோது 1750 என்ற எண்தான் எல்லோர் வாயிலும் இருந்தது.

அந்த எண் கூடுவதை நானும் விரும்புகிறேன். அதற்காகத் தெருவில் இறங்கியவர்களில் என் அம்மாவும் ஒருவர். ஆனால் இருபத்தெட்டு வருடமாகக் கொழுந்து பறிக்கும் ஒருவரின் மகளாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாட்சம்பளம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது எங்கள் வீட்டில் நாட்சம்பளம் அல்ல. மலைக்குப் போய் எட்டு மணி நேரம் நின்றால் கிடைத்துவிடும் காசு அல்ல அது. தோட்டம் சொல்லும் கிலோவை எடுத்தால்தான் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், முழுப்பேர் விழும், முழு நாள் சம்பளம் கிடைக்கும். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர், பாதிச் சம்பளம். சம்பளம் 1350 ரூபாயாக இருந்தபோது அரைப்பேர் என்றால் 675.

எங்கள் தோட்டத்தில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் 16 கிலோ எடுத்தால் பேர் விழும். ஆயிரம் ரூபாய் வந்த கையோடு 18 ஆனது. இப்போது 20. அந்த 2021ஆம் வருடத்தில்தான் இரசாயன உரம் நாட்டுக்குள் வருவதையும் நிறுத்தினார்கள். நவம்பரில் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள், ஆனால் செடி அப்படி உடனே எழுந்து நிற்காது. உரம் விலையேறிப் போனது, புல் வெட்ட ஆள் குறைந்தது. எங்கள் மேட்டு மலையில் சில இடங்களில் செடியைத் தேடித்தான் பறிக்க வேண்டும் என்று அம்மா சொல்வார். இடுப்பளவு புல்லுக்குள் அட்டை, அதற்கும் மேலே குளவிப் பயம். கொழுந்து குறைந்த மலையில் கிலோவை மட்டும் கூட்டினால் யாரால் எடுக்க முடியும்?

இதைக்கூடப் பலர் பேசியிருக்கிறார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் பேசுகிறார்கள், பத்திரிகையில் வருகிறது. நான் சொல்ல வந்தது கொழுந்து நிறுக்கும் இடமான மடுவத்தில் நடப்பது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை, பிறகு முடிவு வந்து ஒன்றும் சரிவராமல் போனதும், இரண்டு வருடம் நானும் அம்மாவோடு மலைக்குப் போனேன். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு விடியற்காலைக் குளிரில் நின்றிருக்கிறேன். ஒரு நாளில் மூன்று முறை நிறுப்பார்கள். காலையில் ஒன்று, பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. வரிசையில் நின்று பையைக் கொக்கியில் மாட்டுவோம். கணக்குப்பிள்ளை தராசைப் பார்ப்பார், துண்டில் ஓர் எண்ணை எழுதுவார். தராசு காட்டிய எண் ஒன்று, துண்டில் எழுதிய எண் வேறொன்று. நடுவில் இரண்டு கிலோ காணாமல் போயிருக்கும். பைக்கும் தண்ணீருக்கும் கழிவு என்பார்கள். "ஐயா, எட்டுக் காட்டியதே" என்று நான் முதல் வாரத்தில் கேட்டபோது எனக்குப் பின்னால் நின்ற பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். கேட்டால் அடுத்த நாள் கொழுந்தில்லாத நிரை கிடைக்கும் என்று பயம். அந்தப் பயம் வீண் பயமும் அல்ல, இரண்டாம் வாரத்தில் நானே அதை அனுபவித்தேன்.

தண்ணீருக்குக் கழிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கம் மழை விடாது. நனைந்த இலையில் தண்ணீர் நிற்கும், அது தேயிலை ஆகாது. அதைக் கழிப்பது நியாயம். ஆனால் பெப்ரவரியில் வெயில் காய்ந்து, செடியில் பனிகூட இல்லாத பகலிலும் அதே இரண்டு கிலோவைக் கழித்தார்களே, அது எந்தத் தண்ணீர்? காலை நிறுவைக்கும் இரண்டு, பகலுக்கும் இரண்டு, மாலைக்கும் இரண்டு. ஒரு நாளைக்கு ஆறு கிலோ.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு நாள் நான் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கால்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்கவில்லை, சுண்ணாம்பு வைத்திருந்தார். "அரைப்பேர் போட்டுவிட்டார்கள்" என்றார். அன்றைக்குத் தராசு காட்டியதைக் கேட்டேன். எட்டு, ஒன்பது, எட்டு. மொத்தம் இருபத்தைந்து. கழிவு ஆறு போக பத்தொன்பது. ஒரு கிலோவால் அன்றைய நாளில் பாதி போய்விட்டது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, எனக்கும் தம்பிக்கும் ரொட்டி சுட்டுவைத்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், மழையில் நின்று, மாலை ஐந்து மணிக்கு லயத்து வீட்டுக்கு வந்தவருக்கு 675 ரூபாய். அன்று மாலை அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. "நாளைக்கு மழை விட்டால் எடுத்துவிடலாம்" என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அம்மாவுக்கு மாற்றுப் பையைக் கொடுத்துவிட்டு, அந்த ஈரப் பையைச் சுருட்டி என் கைப்பையில் வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். நோர்வூட், டிக்கோயா வரும்வரை பஸ்ஸில் மழைத்தண்ணீர் வாசனையும் கொழுந்து வாசனையும் அடித்துக்கொண்டே வந்தது. எங்கள் கடைக்குப் பக்கத்தில் மரக்கறி விற்கும் அண்ணனிடம் கொடுத்து, அவருடைய தராசில் வைத்துப் பார்த்தேன். நனைந்த பை, கயிற்றோடு சேர்த்து 450 கிராம். சந்தேகப்பட்டு இரண்டாம் தடவையும் வைத்தேன். அதே 450.

கணக்கு இவ்வளவுதான். மூன்று நிறுவைக்கும் பைக்கென்று கழிந்தால் ஒன்றரைக் கிலோகூட வராது. தண்ணீருக்கென்று ஒவ்வொரு நிறுவையிலும் முழுதாக ஒரு கிலோ விட்டுக்கொடுத்தாலும் அம்மாவுக்கு அன்று இருபதரைக் கிலோவுக்கு மேல் இருந்தது. அது முழுப்பேர்.

கழித்த கிலோ மலையில் கொட்டிவிடப்படுவதில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். அதுவும் லொறியில் ஏறி ஸ்டோருக்கு, தேயிலைத் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலை ஆகும். ஒன்றாகப் பறிக்கும் எங்கள் கூட்டத்தில் இருபத்தைந்து பெண்கள். ஆளுக்கு ஆறு கிலோ என்றால் 150 கிலோ. அதில் பாதி உண்மையான பை எடையும் தண்ணீரும் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 75 கிலோ கொழுந்தில் பதினாறு கிலோ தேயிலை. ஒரே நாளில், ஒரே மலையில். அதைப் பறித்த கைகளின் பெயரில் அது எங்கேயும் எழுதப்படவில்லை.

அரைப்பேர் அன்றைய செலவை மட்டும் அடிப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பக்கம் 12 வீதமும் போகிறது. சம்பளம் பாதியானால் அதுவும் பாதி. அரைப்பேர் விழுந்த ஒவ்வொரு நாளும் அம்மாவின் முதுமையிலிருந்தும் ஒரு துண்டு கழிந்துகொண்டிருக்கிறது. என் சித்தி போன வருடம் பணத்தை எடுக்கப் போனபோது அடையாள அட்டையில் ஒரு பெயரும் தோட்டத்துப் பதிவில் வேறொரு பெயருமாக இருந்து, சத்தியக் கடதாசி முடித்து, நான்கு மாதம் அலைந்தார். முப்பது வருட உழைப்புக்கு வந்த தொகையைக் கேட்டபோது அவர் என்னிடம் பதில் சொல்லவில்லை.

என் அம்மாயி, அம்மாவின் அம்மா, பறித்த காலத்தில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம்தான். 1984இல் வேலைநிறுத்தம் செய்துதான் சமமாக்கினார்கள். அந்த நாட்களைப் பற்றி அம்மாயி சொல்லும்போது குரலே மாறிவிடும். ஆனால் சமமான சம்பளம் வந்த பிறகும் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போகும் ஆண்கள் கணக்கு முடிந்ததும் பகலோடு இறங்கிவிடுகிறார்கள். பெண்கள் மாலை நிறுவை வரை நிற்கிறார்கள். தராசுக்கு முன்னால் நிற்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். அதனால்தானோ என்னவோ, தராசைப் பற்றி மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை. மேடையில் நிற்பவர்களில் கொழுந்துக்கூடை சுமந்தவர்கள் எத்தனை பேர்?

நான் தோட்டத்தை விட்டு ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. நிழலில் வேலை, அட்டை இல்லை, மாதச் சம்பளம். தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இங்கேயும் ஒரு கழிவு இருந்தது. கடை ஏழு மணிக்கு மூடும். கதவைப் பாதி இறக்கிய பிறகு அன்று பிரித்துக் காட்டிய சேலைகளை எல்லாம் மடித்து அடுக்க வேண்டும். தீபாவளிக் காலத்தில் அது எட்டரை, ஒன்பது வரை போகும். அந்த நேரம் யாருடைய கணக்கிலும் வராது. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலேயே நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்குக் கடிதம் கிடைக்கவில்லை. இருப்பு எடுக்கும்போது ஒரு சேலை குறைந்தால் அதன் விலையை எங்கள் ஆறு பேருக்கும் பிரித்துக் கழிப்பார்கள். ஒரு முறை அது 4200 ரூபாய்ச் சேலை. எடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கு 700 கழிந்தது. கடைசி பஸ் போய்விட்ட இரவுகளில் மூன்று பெண்கள் சேர்ந்து முச்சக்கரவண்டிக்குக் கொடுத்த காசை நான் இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை.

அம்மாவின் கிலோவும் என் மணி நேரமும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன என்று எனக்குப் புரிந்தது அந்த ஈரப் பையோடு பஸ்ஸில் போன அன்றுதான். எண்ணுகிறவன் ஒருவன், எண்ணப்படுகிறவள் ஒருத்தி. எண்ணியதைப் பார்க்கும் உரிமை அவளுக்கு இல்லை.

ஜூலையில் நாற்பது ரூபாய்க் கொப்பி ஒன்று வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், எண் எழுத நன்றாக வரும். ஒவ்வொரு நாளும் மூன்று வரி. தராசு காட்டியது, எழுதியது, மழையா வெயிலா. முதலில் "இது எதற்கு" என்றார். இரண்டாவது மாதத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் ஒரு கொப்பி எடுத்தார், அவருக்கு எழுத வராததால் பேத்தி எழுதுகிறாள். இப்போது எங்கள் லயத்தில் ஏழு கொப்பிகள் இருக்கின்றன. அம்மாவின் கொப்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டினேன். நவம்பர் வரை ஐந்து மாதத்தில் அவருக்கு விழுந்த அரைப்பேர் 31. அதில் 19 நாட்களில் தராசு காட்டிய மொத்தம் 24க்கு மேல். அவற்றில் வெயில் என்று எழுதிய நாட்கள் பதினொன்று.

சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொப்பியைக் காட்டினோம். அவர் நல்ல மனிதர், மூன்று பக்கம் வாசித்துவிட்டு, "இதை மேலே சொல்கிறேன் தங்கச்சி" என்றார். சொன்னாரா என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் மேலே இருப்பவர்களிடம் நானே சொல்கிறேன். அடுத்த முறை சம்பளம் பேச உட்காரும்போது 1750ஐ 2000 ஆக்கக் கேளுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டோம். அதோடு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். தராசின் முகம் பறித்தவரைப் பார்த்து இருக்க வேண்டும். துண்டில் மூன்று எண் இருக்க வேண்டும்: தராசு காட்டியது, கழித்தது, மீதி. ஏன் கழித்தார்கள் என்று ஒரு சொல். அந்தத் துண்டு பறித்தவரின் கையில் இருக்க வேண்டும். இதற்குத் தோட்டத்துக்கு ஆகும் செலவு ஒரு துண்டுக் காகிதம்.

மற்றத் தோட்டங்களில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கம் ஒரு நிறுவைக்கு எத்தனை கிலோ கழிக்கிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை நிறுவை, வெயில் நாளிலும் கழிக்கிறார்களா என்று கீழே எழுதுங்கள். பொகவந்தலாவையோ மஸ்கெலியாவோ பண்டாரவளையோ, ஊர்ப் பக்கத்தை மட்டும் சொன்னால் போதும். தோட்டத்தின் பெயரும் வேலை செய்கிறவரின் பெயரும் போட வேண்டாம், தொல்லை அவருக்குத்தான் வரும். முடிந்தால் வெறும் பையை நனைத்து ஒரு கடைத் தராசில் வைத்துப் பார்த்து அந்த எண்ணையும் எழுதுங்கள். வருகிற எல்லாவற்றையும் நான் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன்.