லிங்கன்பெர்ரி ஜாமில் ரசாயனமா?

"ஸ்வீடனில் லிங்கன்பெர்ரி ஜாமை அடுப்பிலேயே ஏற்றுவதில்லை, அப்படியும் மாதக்கணக்கில் கெடவில்லை என்றால் ரசாயனம் கலக்கிறார்கள்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. முதல் பாதி ஓரளவு உண்மை: வேகவைத்துச் செய்வதும் உண்டு, அடுப்பில் ஏற்றாமல் செய்வதும் உண்டு. மறுபாதி தவறு.

அந்தக் காட்டுப் பழத்திலேயே பென்சாயிக் அமிலம் இயற்கையாக இருக்கிறது. உணவு கெடாமலிருக்கச் சேர்த்து, பொட்டலங்களில் இ210 என்று அச்சிடுகிறார்களே, அதே பொருள்தான். புளிப்பான சாற்றில் அது பூஞ்சையையும் ஈஸ்ட்டையும் அடக்கிவைக்கும். வேகவைக்காத பழத்தில் சர்க்கரையைப் போட்டு, கரையும்வரை கிளறுவார்கள். 'ரோரோர்டா லிங்கன்' (பச்சையாகக் கிளறிய லிங்கன்பெர்ரி) தயார். இன்னும் வியப்பு, சர்க்கரைகூட இல்லாமல் வெறும் தண்ணீரில் மூழ்கவைத்தே குளிர்காலம் முழுக்கப் பாதுகாத்திருக்கிறார்கள்.

ஆனால் இதை நம்பி ஸ்ட்ராபெர்ரியை வேகவைக்காமல் பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள். அதில் இந்த அமிலம் அந்த அளவுக்கு இல்லை. சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும்.