நாயின் மூக்கு ஈரமாக இருந்தால் பயமில்லையா? பாராசிட்டமால் கொடுக்கலாமா?

"நாய் திடீரென்று சுருண்டு படுத்தால் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஒன்றுமில்லை, காய்ந்து சூடாக இருந்தால் காய்ச்சல், அரை பாராசிட்டமால் போதும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டு பாதியும் தவறு.

தூங்கி எழுந்த நலமான நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும். வயிற்றுக்குள் ரத்தம் கசியும் நாய்க்கும் மூக்கு ஈரமாகவே இருக்கலாம். காய்ச்சலை அறிய ஆசனவாயில் வைக்கும் வெப்பமானிதான் வழி. நாயின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சலான அளவு அதற்கு இயல்பு என்பதால், கை வைத்துப் பார்த்தால் எப்போதும் சூடாகத்தான் தெரியும்.

இரண்டாவது பாதிதான் என்னைக் கலங்க வைக்கிறது. பாராசிட்டமால் நாயின் கல்லீரலைச் சிதைக்கக்கூடும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் குலைக்கும். வலிக்கு நாம் போடும் இபுப்ரோஃபென் மாத்திரையும் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். அன்போடு கொடுத்த மாத்திரையே இரண்டாவது நோயாகிவிடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், மாத்திரை அட்டையையும் கொண்டு செல்லுங்கள்.

மூக்கை விட்டுவிட்டு ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் இளஞ்சிவப்பு இரண்டு நொடிக்குள் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலும், வயிறு உப்பி வாந்தி வராமல் குமட்டினாலும், வலிப்பு வந்தாலும், நிற்க முடியாமல் சரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.