“இதெல்லாம் இப்ப முக்கியமா?” முக்கியம்தான்

நேற்று ஒரு டாக்டர் கேள்விகளுக்குப் பதில் சொன்ன நேரலையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன், கணவரோடு சேரும்போது வலி உயிர் போகிறது, என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டார். “உயிர் பிழைச்சதே பெரிசும்மா, இதெல்லாம் இப்ப முக்கியமா?” என்றார் டாக்டர். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி, “பெண்கள் கூச்சப்படுவார்கள்”, “இந்த வயசில் இது தேவையா” என்று கமென்ட். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

முக்கியம்தான். முக்கியமில்லை என்றால் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து கேட்டிருப்பாரா?

இது மனப்பிரமையும் இல்லை. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். நோய் திரும்பாமல் இருக்க அது வேண்டும், ஆனால் அதனாலேயே பிறப்புறுப்பின் உட்பகுதி மெலிந்து வறண்டுபோகும். 5 வருடம், சிலருக்கு 10 வருடம்கூடச் சாப்பிட வேண்டியிருக்கும். தொல்லை தாங்காமல் பாதியில் நிறுத்திவிடுகிற பெண்கள் உண்டு. உயிர்தான் முக்கியம் என்றால் அதற்காகவாவது இதைப் பேச வேண்டாமா?

எனக்கு மார்பை எடுத்தபோது கையெழுத்து வாங்கிய தாளில் ரத்தக்கசிவு, தொற்று, கைவீக்கம் எல்லாம் இருந்தன. தொடு உணர்ச்சி போய்விடும் என்று ஒரு வரி இல்லை. கட்டுப் பிரித்த பிறகு குளிக்கும்போது தழும்பின் மேல் தண்ணீர் வழிவது கண்ணுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. எனக்கு வலிக்குமோ என்று கணவர் கட்டில் ஓரமாகவே படுத்தார், என்னைப் பிடிக்கவில்லை போல என்று நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். யாராவது எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசியிருந்தால் அந்த மாதங்கள் அப்படிப் போயிருக்காது.

“பெண்கள் கூச்சப்படுவார்கள்” என்கிறீர்கள். அதனால்தான் மருத்துவக் குழுவே இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் அமைப்பான ஆஸ்கோ 2018-லேயே வழிகாட்டியது. டாக்டருக்கு நேரம் இல்லையா, சரி, கவுன்சலரிடம் அனுப்புங்கள். வறட்சிக்கு ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசர், சேரும்போது வழுவழுப்புக்கு லூப்ரிகன்ட், இடுப்பின் அடித்தசைகளுக்கான பிசியோதெரபி என்று வழிகள் இருக்கின்றன. (ஹார்மோன் கிரீமை மட்டும் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.)

“இந்த வயசில் இது தேவையா” என்றவர்களுக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். பிராஸ்டேட் ஆபரேஷனுக்குப் போகும் அறுபது வயது ஆணிடம் விறைப்பு பாதிக்கப்படலாம் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள், அதற்கு மருந்தும் எழுதித் தருகிறார்கள். அவரைப் பார்த்து யார் சிரித்தீர்கள்?

கல்யாணம் ஆகாதவர்கள், கணவரை இழந்தவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கு இப்படி ஒரு கேள்வியே இருக்காது என்று முடிவுகட்டிவிடுகிறீர்கள். கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண், இனி ஒருவரைப் பிடித்துப்போனால் இதை எப்போது, எப்படிச் சொல்வது என்று கேட்டாள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை, கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்த என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?